மூலப்பத்திரம்: ஒரு வாழ்க்கைக் குறிப்பு

சீவலப்பேரிப் பக்கம் வயலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறவரிடம் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "மூலப்பத்திரம் இருக்கா?" இருக்கிறது என்றால் அடுத்தது, "அசலா, நகலா?" இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் பாதை, தண்ணீர், விலை பற்றிய பேச்சே ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட ஒரு மூலப்பத்திரத்தின் கதை இது. ஊரில் பல வீட்டு பீரோக்களில் கிடக்கும் பத்திரங்களின் சாடையைச் சேர்த்து ஒன்றாக்கி, 1971-ல் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்கிறேன். விற்றவர், வாங்கியவர் பெயர்கள் நமக்கு வேண்டாம். அது ஏறி இறங்கிய அலுவலகங்களும், அதைத் தொட்ட சட்டங்களும், இப்போது அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் பிளாக்செயினும் நிஜம்.

சீவலப்பேரி பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் இடம். முக்கூடற்பள்ளு என்ற பள்ளு இலக்கியம் பிறந்த வட்டாரம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் ஒரு சினிமாவாலும் சுடலைமாடசாமி கோயிலாலும் தெரியும். கோவில்பட்டிக்காரர்களுக்குக் குடிதண்ணீராகவே தெரியும். அவர்கள் ஊர்க் குழாய்க்கு இங்கிருந்துதான் ஆற்றுத் தண்ணீர் போகிறது. இன்னும் கீழே போனால் மருதூர் அணைக்கட்டு. ஆறுகள் சேர்கிற ஊரில் நிலத்துக்கு எல்லை எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு வெள்ளத்தில் ஆறு கரையைக் கொஞ்சம் தின்றாலும் பத்திரத்தில் ஒரு வரி பொய்யாகிவிடும்.

அந்த வரிகளை எழுதியவர் பத்திர எழுத்தர். பதிவாபீஸ் வாசலில் அவருக்கு ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சுற்றிலும் உறவுக்காரர்கள்.

"அண்ணாச்சி, மேக்க எல்லை என்ன போடட்டும்?"

"வாய்க்கால்னு போடுங்க."

"எந்த வாய்க்கால்? பேரு போடாட்டா நாளைக்கு உங்க பேரன் கோர்ட்டுல நிப்பான்."

முத்திரைத்தாளின் பின்பக்கம், அதை விற்ற வெண்டரின் ரப்பர் முத்திரையும் தேதியும் வாங்கியவர் பெயரும் இருக்கும். முன்பக்கம் நீல மையில் இடைவெளியே விடாத எழுத்து. இடம் விட்டால் பின்னால் யாராவது ஒரு சொல்லைச் செருகிவிடலாம் என்பதால், வரி முடியாத இடத்தில் கோடு இழுத்து நிரப்புவார்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவார்கள். நான்கெல்லைக்குள் அடங்கிய நிலத்தை ஏக்கர், செண்டு என்று சொன்னதோடு விடாமல், இத்தனை மரக்கால் விதைப்பாடு என்றும் சேர்ப்பார்கள். சர்க்கார் கணக்கு ஒரு பக்கம் இருந்தாலும் நெல்லைச் சீமை வயலுக்கு விதைநெல்தானே அளவு. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்ற சொற்றொடர் வராமல் எந்தப் பத்திரமும் முடியாது. எழுதும்போது கை தவறி ஒரு சொல்லை அடித்துவிட்டால் அதை அப்படியே விடக்கூடாது. இன்ன பக்கம், இன்ன வரியில் இன்ன சொல் அடித்தல், இன்ன இடத்தில் திருத்தல் என்று கணக்குக் காட்டி எழுதிக்கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ம் பிரிவு, சான்று செய்யாத இடைச்செருகலும் அடித்தலும் உள்ள ஆவணத்தைப் பதியமாட்டேன் என்று மறுக்க அதிகாரிக்கு உரிமை தருகிறது. பிளாக்செயின்காரர்கள் இன்று பெருமையோடு சொல்லும் "மாற்றினால் தெரிந்துவிடும்" என்பதற்காக அந்தப் பெஞ்சில் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வரி, பத்திரத்தின் மேல்பாதியில் சாதாரணமாக வந்து போகும். மேற்படி சொத்து எனக்கு 1948-ம் வருடத்திய இன்ன நம்பர் கிரயப் பத்திரப்படி பாத்தியப்பட்டு, என் அனுபவத்தில் இருந்து வருகிறது என்பது அது. 1948-ம் ஆண்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்தால் அதற்குள் இன்னொரு எண் இருக்கும். அதைப் பிடித்துப் போனால் அதற்கும் முந்தையது. ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தையதைச் சுட்டிக்காட்டுகிறது. வக்கீல் மூலப்பத்திரம் கேட்பதும், முப்பது வருஷ வில்லங்கச் சான்று கேட்பதும் இந்தக் கண்ணிகளில் எதுவும் அறுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். இந்தச் சங்கிலியை யாரும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரவில்லை. அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: கண்ணியைக் கோத்திருப்பது வெறும் எண். 1948-ம் ஆண்டுப் பத்திரத்தின் உள்ளே ஒரு எல்லையை யாராவது மாற்றிவிட்டாலும் 1971-ம் ஆண்டுப் பத்திரத்தில் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கும். அதற்கு ஒன்றும் தெரியாது.

எழுதி முடித்த பத்திரம் சார்பதிவாளர் முன்னால் போனது. எழுதிக்கொடுத்தவரை, "நீங்க எழுதிக் கொடுத்ததுதானா? பணம் வாங்கியாச்சா?" என்று கேட்டார்கள். இடது பெருவிரலை மையில் ஒற்றிப் பத்திரத்திலும், தனியாக உள்ள விரல்ரேகைப் பதிவேட்டிலும் உருட்டி எடுத்தார்கள். அடையாளம் காட்ட இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். பிறகு பத்திரம் முழுவதும் ஒரு எழுத்து விடாமல் 1-ம் புத்தகத்தில் நகல் ஆனது. சட்டப்படி பதிவகத்தில் ஐந்து புத்தகங்கள்; அசையாச் சொத்து ஆவணங்களுக்கு 1, மறுத்ததற்கான காரணங்களுக்கு 2, உயில்களுக்கு 3, இதர ஆவணங்களுக்கு 4, ஒப்படைத்த உயில்களுக்கு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மட்டும், 5. ஆள் பெயரால் ஓர் அட்டவணை, சொத்தின் பெயரால் இன்னோர் அட்டவணை. நிலம் இரண்டு பதிவக எல்லைக்குள் கிடந்தால் மற்ற அலுவலகத்துக்கும் குறிப்பு போகும். கடைசியாக, அசலின் பின்பக்கம், 1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை, இன்ன நம்பராகப் பதிவு செய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து வாங்கியவர் கையில் கொடுத்தார்கள்.

ஆக, பதிவான நாளிலேயே அந்தப் பத்திரம் பல இடங்களில் இருந்தது. அசலைத் திருத்தினால் 1-ம் புத்தகம் காட்டிக்கொடுக்கும். புத்தகத்தில் தாளைக் கிழித்தால் அட்டவணையும் ரேகைப் பதிவேடும் சாட்சி சொல்லும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் அலுவலகத்தையே கைக்குள் போட வேண்டும். (அப்படிப் போட்டவர்களும் உண்டு என்பது நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்.)

பத்திரம் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டிக்குள் பட்டுச்சேலைக்கு அடியில் படுத்தது. எட்டு வருஷம் அதற்கு ஒரு வேலையும் இல்லை. 1979-ல் வருவாய்த் துறை நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் நாட்டில் அதற்கு யூ.டி.ஆர். என்றுதான் பெயர். 1987 வரை கிராமம் கிராமமாகப் போய், யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறது என்று விசாரித்துப் பட்டாக்களைப் புதிதாக எழுதினார்கள். நல்ல நோக்கம். ஆனால் அன்றைக்கு வீட்டில் இல்லாதவர் பெயர் விட்டுப்போனது, அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவர் பெயர் மட்டும் ஏறியது, பரப்பளவு மாறியது, பக்கத்து வயல்காரர் பெயர் இங்கே வந்தது என்று இன்றுவரை தாலுகா அலுவலகங்களில் "யூ.டி.ஆர். பிழை" என்றொரு மனு வகையே இருக்கிறது. நம் பத்திரத்துக்கும் அது நேர்ந்தது. பத்திரத்தில் ஒரு பரப்பு, பட்டாவில் அதைவிடச் சில செண்டு குறைவு. பதிவுத் துறையின் புத்தகமும் வருவாய்த் துறையின் கணக்கும் ஒரே வயலைப் பற்றி வேறு வேறு சொல்ல ஆரம்பித்தன. இரண்டு துறையும் ஒரே அரசு. ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ளும் வழக்கம்தான் இல்லை.

நிலத்தை வாங்கிய தாத்தா காலமானார். பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை. ஒரு பங்கு அடமானத்துக்குப் போய் மீண்டது. இன்னொரு பங்கை மூத்தவர் மகளுக்கு செட்டில்மென்ட் எழுதினார். ஒவ்வொன்றிலும் நம் பத்திரத்தின் எண் வந்து உட்கார்ந்தது. 1971-ம் ஆண்டுப் பத்திரம் இப்படித்தான் மூலப்பத்திரம் ஆனது. அசல் யார் கையில் இருப்பது என்பதில் மட்டும் சகோதரர்களுக்குள் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

2000-ம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பதிவுத் துறை ஸ்டார் என்ற பெயரில் கணினிக்கு மாறத் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 வந்தபோது மாநிலத்தின் 570-க்கும் அதிகமான சார்பதிவாளர் அலுவலகங்கள் ஒரே இணைய வலைக்குள் வந்தன. மைப்பெட்டி போய் ரேகை எடுக்கும் கருவி வந்தது. வெப்கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. இது சாமானியக் காரியம் இல்லை. ஒரு வில்லங்கத்துக்காக மூன்று நாள் நடந்த காலம் உண்டு. ஆனால் கணினி வில்லங்கம் பெரும்பாலும் 1975-லிருந்துதான் தொடங்குகிறது. நம் பத்திரம் நாலு வருஷ வித்தியாசத்தில் வெளியே நின்றுவிட்டது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இன்றும் அலுவலகத்துக்கு மனுப் போட்டு, பழைய அட்டவணைப் புத்தகத்தைக் கையால் புரட்டச் சொல்ல வேண்டும்.

கணினி ஒரு புதுப் பயத்தையும் கொண்டுவந்தது. தாளில் பிளேடால் சுரண்டினால் அந்த இடம் மெலிந்து வெளிச்சத்தில் தெரியும். மை நிறம் மாறும். கையெழுத்து மாறும். ஒரு தரவுத்தளத்தில் உரிய கடவுச்சொல் வைத்திருப்பவர் ஒரு எண்ணை மாற்றினால், யாராவது தனியாகக் குறித்து வைத்திருந்தாலொழிய, பழைய எண் அங்கே இருந்ததற்கான சுவடே இருக்காது.

இதே கவலை அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவருக்கு முன்னமே வந்தது. 1991-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஒரு டிஜிட்டல் ஆவணத்துக்கு எப்படித் தேதி முத்திரை குத்துவது என்பதைப் பற்றியது. அவர்கள் வழி இதுதான். ஆவணத்தை ஒரு கணக்குச் சூத்திரத்துக்குள் விட்டால் ஹாஷ் என்ற நீளம் மாறாத ஒரு குறியீடு கிடைக்கும். ஆவணம் ஒரு பக்கமானாலும் ஆயிரம் பக்கமானாலும் குறியீட்டின் அளவு ஒன்றே. பத்திரத்துக்கு எடுத்த பெருவிரல் ரேகை என்று வைத்துக்கொள்ளலாம்: ரேகையைப் பார்த்து ஆளை வரைய முடியாது, ஆள் வந்தால் ரேகையை ஒப்பிட முடியும். புதிய ஆவணத்தின் ஹாஷைக் கணக்கிடும்போது அதற்கு முந்தைய ஹாஷையும் உள்ளே சேர்த்தார்கள். இப்போது கண்ணி எண்ணால் கோத்ததில்லை, உள்ளடக்கத்தால் கோத்தது. 1948-ல் ஒரு எல்லையை மாற்றினால் 1971-ன் ஹாஷ் பொருந்தாது. அதற்குப் பிறகு வந்த ஒன்றும் பொருந்தாது.

இந்தச் சங்கிலியை நடத்திய சூரட்டி என்ற அவர்களது நிறுவனம், தாமே ஏமாற்றவில்லை என்று எப்படிக் காட்டியது? 1995-லிருந்து வாரம் ஒருமுறை, அந்த வாரத்துக்கான மொத்த ஹாஷை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியில், காணாமல் போன பொருள் அறிவிப்புகளுக்கு நடுவே அச்சிட்டது. லட்சக்கணக்கான வீடுகளில் கிடக்கும் செய்தித்தாளை யார் போய்த் திருத்துவது? நம் ஊரில் அசல் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, தினசரியில் பொது அறிவிப்புப் போட்டு, கண்டெடுக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, பிறகுதான் நகலை வைத்து விற்பது வழக்கம். ஊரறியச் சொல்வதே காப்பு என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். 2008 அக்டோபரில் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயின் கட்டுரை வெளியானபோது அதில் மேற்கோள் காட்டிய எட்டுப் படைப்புகளில் மூன்று ஹேபர், ஸ்டோர்னெட்டா பங்களிப்புடையவை. பணத்துக்காகப் பிரபலமான இந்த நுட்பத்தின் அடியில் இருந்தது ஆவணக் காப்புதான். பிட்காயின் சேர்த்தது, செய்தித்தாளுக்குப் பதிலாக ஒன்றையொன்று நம்பத் தேவையில்லாத பல கணினிகளில் அதே ஏட்டை வைப்பது; இதைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள்.

ஹாஷ் எவ்வளவு கறாரானது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. நெல்லையின் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் முதல் எழுத்தான "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத் தெரியும். எந்த வக்கீலாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பரவலாகப் புழங்கும் ஷா-256 சூத்திரத்தில் போட்டால், 64 இலக்கம் கொண்ட இரண்டு ஹாஷ்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வரும். ஒரு எழுத்தும் மாறாத பத்திரத்தை இது போலி என்று சொல்லிவிடும். அதேபோல, தாள் பத்திரத்தை இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை ஸ்கேன் செய்தால் இரண்டு கோப்புக்கும் ஹாஷ் வேறுதான். ஒரு தூசி போதும். ஆகவே சங்கிலி காப்பது தாளை இல்லை, அன்றைக்கு எடுத்த அந்தக் கோப்பை மட்டுமே. தமிழ் ஆவணங்களைச் சங்கிலியில் ஏற்றுகிறவர்கள் முதலில் எழுத்துக் குறியீட்டை ஒரே விதமாக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. பெரிய கொள்கை விளக்கங்களை விட இந்தச் சின்ன விஷயம்தான் தாலுகா அளவில் வழக்கு வாங்கித் தரும்.

இடையில் திருநெல்வேலி ஸ்மார்ட் சிட்டி ஆனது. 2015 ஜூன் 25-ல் மத்திய அரசு தொடங்கிய 100 நகரத் திட்டத்தில், 2017 ஜூனில் வந்த மூன்றாவது சுற்றுப் பட்டியலில் தூத்துக்குடி, திருச்சி, திருப்பூரோடு நெல்லையும் இடம்பிடித்தது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள் (அதற்காக ஊர் காத்திருந்த காத்திருப்பைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்), வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தைப் புதுப்பித்தார்கள், கட்டளை மையமும் கேமராக்களும் வந்தன. 2025 மார்ச் 31-ல் அந்தத் திட்டம் முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் வேலைகள்தான் அதிகம் நடந்தன. அலுவலகங்களுக்கு நடுவே ஓட வேண்டிய தகவல் பழைய வேகத்திலேயே ஓடியது. நகரம் வளர்ந்து பாளையங்கோட்டையைத் தாண்டி வயல்களை மனைகளாக்கிக்கொண்டு வருகிறது. ஒரு மனை வாங்கியவர் பட்டா மாற்ற, வீட்டு வரி போட, குடிநீர் இணைப்புக்கு, மின் இணைப்புக்கு, கட்டட அனுமதிக்கு, வங்கிக் கடனுக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் அதே பத்திரத்தின் ஜெராக்ஸைக் கொடுக்கிறார். ஒவ்வொரு அலுவலகமும் அதை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்க்கிறது.

பிளாக்செயினுக்கு நகர நிர்வாகத்தில் நிஜமான வேலை இருக்கிறதென்றால் இங்கேதான். ஆவணத்தின் ஹாஷ் ஒரு பொது ஏட்டில் இருந்தால், மின்வாரியம் பதிவுத் துறைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம்; கையிலுள்ள கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டு ஏட்டோடு ஒப்பிட்டால் ஒரு நிமிட வேலை. துபாய் 2016-ல் இதையே நகரம் முழுவதற்குமான கொள்கையாக அறிவித்தது. 2007-ல் பெரிய இணையத் தாக்குதலைச் சந்தித்த எஸ்டோனியா, 2012-லிருந்து தன் அரசுப் பதிவேடுகளின் ஹாஷ்களை ஒரு சங்கிலியில் கோத்து வருகிறது. ஜார்ஜியா நாடு 2016-ல் நிலப் பத்திரங்களின் ஹாஷ்களைப் பிட்காயின் ஏட்டிலேயே பதிக்கத் தொடங்கியது. நெல்லையோடு அதே பட்டியலில் தேர்வான அமராவதியைக் கட்டிக்கொண்டிருந்த ஆந்திர அரசு 2017-ல் இதற்காக ஸ்வீடன் நிறுவனம் ஒன்றோடு கைகோத்தது. பிறகு அங்கே தலைநகரே அரசியலில் சிக்கிக்கொண்டது வேறு கதை.

தமிழ்நாடு 2020 செப்டம்பரில் பிளாக்செயினுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு மின்ஆளுமை முகமை அதன்வழி அமைத்த மாநிலப் பிளாக்செயின் தளத்துக்கு நம்பிக்கை இணையம் என்று பெயர். அதன் மேல் வந்தது இ-பெட்டகம் செயலி. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறி டிஜிட்டல் கையெழுத்தோடு வரும் சான்றிதழை அதில் வைத்துக்கொள்ளலாம். கல்லூரியோ நிறுவனமோ கேட்டால் அதிலிருந்தே பகிரலாம், வாங்குகிறவர் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். தாசில்தார் முத்திரை உண்மையா என்று யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம். சீவலப்பேரிப் பையன் ஒருவனுக்குச் சென்னையில் கலந்தாய்வு நடக்கிற நாளில் இதன் அருமை தெரியும். மத்திய அரசும் 2024 செப்டம்பரில் விஸ்வஸ்யா என்ற பிளாக்செயின் அடுக்கைத் தொடங்கியது. அதன் கணினிகள் புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் ஆகிய தேசியத் தகவலியல் மையத் தரவு மையங்களில் இருக்கின்றன.

எனக்கு இடறுகிற இடம் இதுதான். மூன்று ஊர்களில் இருந்தாலும் மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில். 1971-ல் அசல் வாங்கியவர் வீட்டில் இருந்தது. நகல் சர்க்கார் புத்தகத்தில் இருந்தது. இரண்டும் எதிரெதிர்க் கைகள் என்பதால்தான் ஒன்றுக்கு ஒன்று காவல். ஏட்டை வைத்திருக்கும் கணினிகளான நோடுகள் எல்லாம் ஒரே துறையிடம் இருக்குமானால் நேர்மையான துறைக்கு அது தேவையில்லை, நேர்மையற்ற துறைக்கு அது தடையில்லை. ஒரு நோடு உயர் நீதிமன்றத்திடம், ஒன்று வங்கிகளிடம், ஒன்று ஏதாவது பல்கலைக்கழகத்திடம் என்று பிரிந்திருக்க வேண்டும். அல்லது ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் செய்ததுபோல வாரம் ஒரு ஹாஷைத் தினசரியில் போட்டாலும் போதும். அரசுக்கு விளம்பரச் செலவு பெரிய பாரமா என்ன?

அதைவிடப் பெரிய சிக்கல், தவறு நுழையும் வாசல் எது என்பது. நம் நாட்டில் நிலத் தகராறுகளில் எத்தனை பேர் பதிவான பத்திரத்தைத் திருத்தி மாட்டியிருக்கிறார்கள்? பொதுவாக நடப்பது வேறு: இறந்தவர் பெயரில் வேறொருவர் வந்து ரேகை வைப்பது, போலி வாரிசுச் சான்று காட்டுவது, ரத்தான பவர் பத்திரத்தை வைத்து விற்பது, ஒரே மனையை இரண்டு பேருக்குக் கொடுப்பது. இவை எல்லாம் பதிவாகும் முன் நடக்கிற திருட்டு. ஆள்மாறாட்டம் செய்த பத்திரத்தையும் சங்கிலி அதே கவனத்தோடு, அதே உறுதியோடு பாதுகாக்கும்.

நம் சட்டப்படி பதிவு என்பது ஆவணத்தைப் பதிவதே தவிர, நிலம் யாருடையது என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. இந்த இடைவெளியை அடைக்கத் தமிழ்நாடு இரண்டு முயற்சி எடுத்தது. மோசடிப் பத்திரங்களை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் தந்த, பதிவுச் சட்டத்தின் 77ஏ பிரிவு 2022-ல் நடைமுறைக்கு வந்தது; 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. விற்பவர் மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டினால்தான் பதிவு என்ற, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது; உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவாளரின் வேலை இல்லை என்பது காரணம். அதே ஆண்டு நவம்பர் 7-ல் பீகார் வழக்கு ஒன்றில், நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, ஜோய்மால்யா பக்சி அமர்வு, சொத்துப் பதிவில் பிளாக்செயினைக் கொண்டுவருவது பற்றி ஆராயும்படி சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. நீதிமன்றமே சொல்லிவிட்டதென்று ரியல் எஸ்டேட் வட்டாரத்தில் ஒரு குதூகலம். தீர்ப்பை ஒட்டிப் பார்த்தால், பதிவும் உரிமையும் தனித்தனியாக ஓடும் இந்த ஏற்பாட்டையே மாற்றுவது பற்றித்தான் பேச்சு. தொழில்நுட்பம் அதற்கு ஒரு கருவி.

திருத்த முடியாத ஏடு என்றதும் யூ.டி.ஆர். பிழையோடு அலைகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தப்பாக ஏறிய பட்டா கல்லில் வெட்டியதுபோல நின்றுவிட்டால்? இதற்குப் பதில் பத்திர எழுத்தரின் மேசையிலேயே இருக்கிறது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதுவார்கள். பழைய பத்திரத்தை யாரும் அழிப்பதில்லை. இன்ன நம்பர் பத்திரத்தில் சர்வே எண் தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டது, சரியானது இது என்று புதிதாக ஒன்றைப் பதிவார்கள். வில்லங்கத்தில் இரண்டும் வரும். சங்கிலியிலும் அப்படித்தான், அழிக்காமல் அடுத்த கண்ணியாகத் திருத்தத்தைச் சேர்க்கலாம். திருத்துகிற உத்தரவை வாங்க எத்தனை முறை தாலுகா ஆபீஸ் படியேற வேண்டும் என்பதை மட்டும் எந்தச் சூத்திரமும் குறைக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர். ஆற்றோரத்து வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் நனைந்தன. நம் பத்திரமும் நனைந்தது. நீல மை பரவி, மேற்கு எல்லையின் வாய்க்கால் பெயர் மங்கி, முத்திரைத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மின்விசிறிக்கு அடியில் பாயில் பரப்பி, மேலே கரண்டியும் டம்ளரும் வைத்துக் காயவைத்தார்கள். விரல்ரேகை மட்டும் தெளிவாகத் தப்பியது. ரேகைக்கு வைக்கும் மை வேறு ஆயிற்றே. அந்த வாரம், எங்கேயோ மேட்டில் ஒரு நகல் இருக்கிறது என்ற நிம்மதி என்ன விலை பெறும் என்று ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குத் தெரிந்தது. அந்த நகல் பதிவகத்தின் 1-ம் புத்தகத்தில் இருந்தது. புத்தகமும் தாள்தான். அதுவும் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் தப்பியது.

இப்போது பேரன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். தன் பங்கை விற்கப் பார்க்கிறான். வாங்க வந்தவர் வங்கிக் கடன் போடுகிறார், வங்கியின் வக்கீல் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். 1975-லிருந்து கணினி வில்லங்கம் எடுத்தாயிற்று. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டாயிற்று. நனைந்த அசலோடு சேர்த்து வைக்க 1-ம் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் கேட்டிருக்கிறார்கள். அது ஸ்கேன் ஆகி வரும்போது 1971-ம் ஆண்டுப் பத்திரம் முதல்முறையாக ஒரு கோப்பாக மாறும், என்றைக்காவது அதன் ஹாஷ் எடுக்கப்படுமானால் இந்தக் கோப்பிலிருந்துதான் எடுப்பார்கள். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் உள்ள சில செண்டு வித்தியாசத்துக்கு உட்பிரிவு மனு போயிருக்கிறது. சர்வேயர் வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் வடிந்து எல்லைக் கல் வெளியே தெரியட்டும், அளக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.